சந்திரன் பல்லில் நிற்காத ஒட்டு

3-3-78, வெள்ளி

காலையில் மூடுபனி. மலை இறங்கிக் கம்பம் வந்ததும் கொளுத்தும் வெயில்.

பல் ஆஸ்பத்திரியில் இருந்தவர்கள்: மதுரையிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் வரும் டாக்டரம்மா. விளக்குப் பிடித்த கம்பவுண்டர். நாற்காலியில் என் மகன் சந்திரன். ஸ்டூலில் நான். வேறு யாரும் இல்லை. அவர் (சந்திரன் அப்பா) வரவில்லை. வண்டன்மேட்டில் ஏலக்காய் ஏலம் நடக்கும் நாள், எஸ்டேட் கணக்கர் போகாமல் முடியாது என்றார். முடியும். வர மனமில்லை.

உதட்டைச் சுற்றி ரப்பர் துணி. மருந்தில் நனைத்த பஞ்சை முன்பற்கள் மேல் வரிசையாக வைத்து, அதன் மேல் விளக்கின் சூட்டைக் காட்டினார்கள். புஸ்ஸென்று நுரை. ச. நாற்காலிக் கையை விடாமல் பிடித்திருந்தான். நான் மனதுக்குள் முருகா, முருகா.

கழுவிய பிறகு பார்த்தால் பழுப்பு வரி பாதி போயிருந்தது. இருபத்தொரு வருஷத்துப் பழுப்பு.

டாக்டரம்மா சொன்னது: "இது அழுக்கு இல்லம்மா. எவ்வளவு தேய்ச்சாலும் போகாது. பல்லு முளைக்கிறதுக்கு முந்தியே தண்ணியால வந்தது. சின்ன வயசுல எங்க வளர்ந்தான்?"

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, என் அம்மா வீட்டில், ஏழு வயது வரை. அப்போது இந்த மலையில் பக்கத்தில் பள்ளிக்கூடம் இல்லை. எங்கள் ஊரில் அந்தக் கிணற்றுத் தண்ணீர் குடித்த எல்லோருக்கும் இதே பல்தான். அங்கே யாரும் யார் பல்லையும் பார்ப்பதில்லை. மலைக்கு வந்த பிறகுதான் பார்க்கிறார்கள்.

"உங்களுக்கும் அதே தண்ணியா?"

தலையாட்டினேன். முந்தானையை வாயிலிருந்து எடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை இன்னொரு தடவை வெளுக்க வேண்டும். அன்றே உடைந்த மூலைக்கு ஒட்டு. (முன்பல்லின் மூலை போனது போன வருஷம், கலர் பாட்டில் மூடியைக் கடித்துத் திறந்ததில். யாரோ பந்தயம் கட்டினார்களாம்.) புதிதாக வந்திருக்கும் பல் நிறத்துக் களிம்பு, இரண்டைக் கலந்து வைத்தால் கல்லாக இறுகிவிடுமாம்.

வாங்கியது: ரவை, கற்பூரம், தேங்காய் எண்ணெய். பஸ், ஜீப் கூலி கணக்கு நோட்டில்.

5-3, ஞாயிறு

வெயில். ஏலச்செடிக்குத் தண்ணீர் போதவில்லை என்று எல்லோருக்கும் கவலை.

எதற்காக இத்தனை பாடு என்று எனக்கே மறந்துவிடக் கூடாது, எழுதி வைக்கிறேன். குமுளியில் புது ஹோட்டல். ஏரி பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்கள் தங்குவது. மலையாளி மேனேஜர் ச.வை இங்கிலீஷில் பேசவிட்டுக் கேட்டார். பிறகு சொன்னாராம்: "இங்கிலீஷ் கொள்ளாம், நல்லா இருக்கு. எழுத்தும் கொள்ளாம். பல்லை மாத்திரம் சரியாக்கிட்டு வா. முன் மேசையில நிக்கிறவன் சிரிக்கணும்டா, இல்லேங்கில் ஆளு வராது." ஏப்ரல் ஒன்றாம் தேதி சேர வேண்டும். சிரித்த முகத்தோடு வராவிட்டால் வேறு ஆள்.

அவர் வெற்றிலை மென்றுகொண்டே: "பல்லு வெளுத்தா துரை ஆயிருவானாக்கும். எனக்கு வெத்தலைச் சிவப்பு, உங்க அண்ணனுக்குக் கிணத்துச் சிவப்பு. நாங்க சோறு திங்கலையா?"

"நீங்க மேசைக்குப் பொறகால நின்னு யாரையும் கூப்புடறதில்லீங்களே" என்றேன்.

"ஏனுங்க, ஆமாங்க" என்று என் பேச்சை இழுத்துக் காட்டினார். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இதே விளையாட்டு.

ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோரில் ச.வுக்கு இடம் சொல்லி வைத்திருக்கிறார். முதலாளியிடம் பேசியும் விட்டார். "ஏலக்காய் உலத்துறதுக்குப் பல்லு தேவையில்லல்லா" என்றார். ச. தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனான். ஸ்டோர்ப் புகையில் இவருடைய தம்பி நெஞ்சு கெட்டுப் போனது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். 

7-3, செவ்வாய். சிவராத்திரி

விரதம். எனக்கும் ச.வுக்கும். ஒட்டு வைக்க இதைவிட நல்ல நாள் வாய்க்காது.

மறுபடி வெளுத்தார்கள். இப்போது பழுப்பு அடியோடு இல்லை. அதே நாற்காலியில் அப்படியே உடைந்த மூலையில் ஒரு புளிப்பு மருந்து தடவி, கழுவி, ஊதிக் காயவைத்துக் களிம்பை வைத்து, தகட்டால் பிடித்து, பிறகு தேய்த்து உருவம் கொண்டுவந்தார்கள். எங்கே பல் முடிந்து எங்கே ஒட்டு தொடங்குகிறது என்று தெரியவில்லை.

பஸ்ஸில் ச. கண்ணாடி ஜன்னலில் பல்லைப் பார்த்துக்கொண்டே வந்தான். முன்னால் உட்கார்ந்திருந்த பெண் தன்னைப் பார்ப்பதாக நினைத்துத் திட்டினாள். "அக்கா, நான் என்னையத்தான் பாக்கேன்" என்று சொல்லிச் சிரித்தான். வாய் திறந்து. எத்தனையோ நாள் கழித்து.

9-3, வியாழன்

விழுந்துவிட்டது.

தின்றது வாழைப்பழம். ஒரே கடி. எடுத்துப் பார்த்தால் பழத்தில் பதிந்து உட்கார்ந்திருக்கிறது, சோற்றுப் பருக்கை அளவு.

அவர்: "வாழப்பழம் தின்னு பல்லு போன மொத ஆளு நம்ம வீட்டுலதான்."  காலிக் குங்குமச் சிமிழைக் கழுவித் துடைத்துத் துண்டை அதில் போட்டு வைத்தேன்.

10-3, வெள்ளி

கம்பம். டாக்டரம்மா துண்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உடையல. முழுசா கழண்டிருக்கு. அடிப்பக்கம் வழவழன்னு இருக்கு பாருங்க, ஒட்டவே இல்ல." மருந்து பழசோ என்று புது டப்பாவைத் திறந்து மறுபடி வைத்தார். எச்சில் படாமல் இரண்டு மடங்கு பஞ்சு.

வீட்டில் கஞ்சி, குழைந்த சாதம், ரவைக் கூழ். அவனுக்கு வெறுத்துவிட்டது.

12-3, ஞாயிறு

கோவிலில் தீபாராதனை. கண்ணை மூடி நின்ற ச. திறந்து என்னைப் பார்த்தான். உள்ளங்கையை விரித்துக் காட்டினான். விபூதிக்கு நடுவில் அந்தத் துண்டு. கடிக்கவே இல்லை. நாக்கு பட்டதுதான் என்றான்.

பூசாரி என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

14-3, செவ்வாய். பங்குனி பிறப்பு

முதல் ஒட்டு விழுந்ததே புரியாமல் டாக்டரம்மா நேற்றே தன் பழைய ஆசிரியருக்குச் சென்னைக்கு டிரங்க் கால் போட்டிருக்கிறார். எனக்கு ஆச்சரியம். தெரியாததை அவரிடம் கேட்டதையும் எங்களிடம் மறைக்காமல் சொன்னார்.

சொன்னது, நினைவிருக்கும் வரை: "எல்லாருக்கும் நிக்குது, வெளுத்த பல்லுல மட்டும் விழுது. அவர் வச்சதும் அப்படி விழுந்திருக்காம். நுரைச்ச மருந்தோட காத்து பல்லுக்குள்ள கொஞ்ச நாள் தங்குது. அது இருக்கிறவரைக்கும் களிம்பு பல்லோட சேர்ற இடத்துல இறுகாது. புதுசா வெள்ளையடிச்ச ஈரச் சுவத்துல காலண்டர் ஒட்டின மாதிரி. இன்னும் ரெண்டு வாரம் பல்லை சும்மா விட்டுட்டு வச்சா நிக்கும்னார்."

ரெண்டு வாரம் என்றால் 28, செவ்வாய். சேர வேண்டியது 1. நடுவில் இடம் இருக்கிறது. முருகன் துணை.

ச. கேட்டான்: "அப்பவும் விழுந்துட்டா டாக்டர்?"

"விழாது. ஆனா அவசரப்பட்டா விழும்."

16-3, வியாழன்

மேகம் கூடிக் கலைந்தது.

காலை வெளிச்சத்தில் ச.வின் பல்லைப் பார்த்தேன். ஈறு ஓரம் லேசாக மஞ்சள் தட்டுகிற மாதிரி. என் கண்ணுக்கு மட்டும்தானா தெரியவில்லை.

யோசித்தேன். எங்கள் வீட்டில் எந்த மருந்தானாலும் ஒரு மண்டலம். நடுவில் ஒரு நாள் விட்டாலும் உண்டது வீண், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்பார் அப்பா. மஞ்சள் காமாலைக்கும் அப்படித்தான், விரதத்துக்கும் அப்படித்தான். வெளுப்பு மருந்தை இரண்டு நாள் போட்டுவிட்டு அந்தரத்தில் நிறுத்தியிருக்கிறோம்.

மருந்தின் பேரைக் கம்பவுண்டரிடம் அன்றே கேட்டு வைத்திருந்தேன். மருந்துக்கடையில் அதே பேரில் லேசானது இருக்கிறது, புண் கழுவ, காது சுத்தம் பண்ண. கடைக்காரர், "காதுக்கா?" என்றார். "ஆமாங்க" என்றேன். பொய். சாயங்காலம் விளக்கேற்றும்போது முருகனிடம் சொல்லிவிட்டேன்.

17-3, வெள்ளி

ஆரம்பம். குளித்து, விளக்கேற்றி, பஞ்சில் நனைத்து முன்பற்கள் மேல் வைத்தேன். நுரைத்தது. ச.வுக்குச் சந்தோஷம். "டாக்டர் சொன்னதாம்மா?" என்றான். "வேண்டாம்னு சொல்லலையே கண்ணு" என்றேன்.

20-3, திங்கள்

தினமும் தவறவில்லை. மஞ்சள் இல்லை.

பச்சைத் தண்ணீர் குடித்தால் பல் சுருக்கென்கிறது என்கிறான். வெந்நீர் ஆற்றிக் கொடுக்கிறேன்.

மிளகாய் காயப் போட்டது. பாட்டிலில் பாதி மருந்து மிச்சம்.

24-3, வெள்ளி

பங்குனி உத்திரம், சந்திர கிரகணம், கிறிஸ்தவர்களுக்குத் துக்கவெள்ளி, மூன்றும் ஒரே நாளில். காலையிலிருந்து மேட்டின் மேல் சிலுவையைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறார்கள். டாக்டரம்மா இன்று வரமாட்டார். நமக்கும் இன்று அங்கே வேலை இல்லை.

உத்திரத்துக்கு விரதம். கிரகணத்துக்கு முன் சமையல் முடித்து, மிச்சத்தில் தர்ப்பை போட்டாயிற்று. பஞ்சும் காலையிலேயே வைத்தாயிற்று. இத்தனை நாள் இடைவெளி விடாமல் செய்ததை இன்று விட்டால் எப்படி.

26-3, ஞாயிறு

பக்கத்து வீட்டு ரோசம்மா சேச்சி ஈஸ்டருக்கு அப்பமும் கறியும் கொண்டு வந்தார். (கறியைத் திருப்பிக் கொடுத்தேன், அப்பத்தை வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு வருஷமும் இப்படித்தான், ஒவ்வொரு வருஷமும் கொண்டு வருகிறார்.)

உட்கார்ந்ததும்: "அறிஞ்சியா? ஆனைக்கரைக்காரன் ஒருத்தன் அந்த ஹோட்டல் மேனேஜரைக் கண்டிட்டு வந்திருக்கான். முத்து மாதிரி பல்லு. நின்ட மகன் ஒண்ணாம் தேதி போயில்லேங்கில் அவனாக்கும்."

"போவானுங்க" என்றேன்.

"போகட்டே. ஞானும் ஜெபிக்குன்னுண்டு." சந்திரனைப் பார்த்து, "எடா, ஒண்ணு சிரிச்சே, பாக்கட்டும்." அவன் உதட்டை மூடிக்கொண்டே சிரித்தான்.

28-3, செவ்வாய்

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் நடந்ததை நடந்தபடி.

முதல் பஸ். போகும் முன் காலையிலும் பஞ்சு வைத்தேன். இன்றைக்கு முடிகிறது, நல்லபடியாக முடியட்டும் என்று.

டாக்டரம்மா முகத்தில் சிரிப்பு. எல்லாம் எடுத்து வைத்தாயிற்று. ச. வாயைத் திறந்தான். பல்லில் காற்றை ஊதினார். ச. நாற்காலியில் துள்ளினான்.

"ஏன் இவ்வளவு கூசுது? இத்தனை நாள்ல குறைஞ்சிருக்கணுமே." கண்ணாடியை வைத்து உற்றுப் பார்த்தார். "வீட்ல ஏதாவது போட்டீங்களா? வெளுக்கிற மருந்து எதாவது?"

அந்த நேரத்தில்தான் எனக்குப் புரிந்தது. ஈரச் சுவர். தினமும் காலையில் நானே வெள்ளையடித்திருக்கிறேன்.

ச. வாயில் கண்ணாடி இருக்கும்போதே, "இல்ல டாக்டர்" என்றான். என்னைப் பார்த்தான். அவனுக்கும் புரிந்துவிட்டது. அந்தப் பார்வை, பேசாதே என்கிற பார்வை. பேசினால் இன்று ஒட்டு இல்லை. ஒட்டு இல்லாவிட்டால் ஒன்றாம் தேதி இல்லை. ஆனைக்கரைப் பையன் நிற்பான். இவன் ஸ்டோருக்குள் போவான்.

டாக்டரம்மா புளிப்பு மருந்துப் புட்டியைத் திறந்தார்.

ஒன்றாம் தேதி ஒரு நாள் நின்றால் போதும், பிறகு விழுந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்கும் தோன்றியது. தோன்றவில்லை என்று எழுதினால் அது பொய். ஆனால் மேசைக்குப் பின்னால் யாரோ ஒரு வெளிநாட்டுக்காரன் முன்னால், சிரித்தபடி இருக்கும்போது, அது உள்ளங்கையில் விழுந்தால்? கோவிலில் விரித்த கை கண்ணுக்குள் வந்தது.

"போட்டோமுங்க" என்றேன். "தெனமும் போட்டோமுங்க டாக்டரம்மா. இன்னைக்குக் காத்தாலயும்."

முந்தானையை வாய்க்குக் கொண்டுபோக மறந்துவிட்டேன். அது பிறகுதான் தெரிந்தது.

டாக்டரம்மா புட்டியை மூடினார். கோபித்துக்கொள்ளவில்லை. ஸ்டூலை இழுத்து என் எதிரில் உட்கார்ந்தார். "யாரு சொன்னா?"

"மண்டலக் கணக்குங்க. விட்டுப்போடக் கூடாதுன்னு."

டாக்டரம்மா புட்டியைத் தட்டில் வைத்தார். "வெளுக்காதீங்கன்னு நானும் தனியா சொல்லல. சும்மா விடுங்கன்னா உங்களுக்குப் புரியும்னு நெனச்சேன்." பிறகு: "இன்னைக்கு வச்சா இன்னைக்கோ நாளைக்கோ விழும். தெரிஞ்சே வைக்க மாட்டேன். இன்னும் ரெண்டு வாரம். பதினொண்ணாம் தேதி செவ்வாய்க்கிழமை. இனிமே உப்புத் தண்ணியைத் தவிர ஒண்ணும் வேண்டாம்."

ச. வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். பஸ்ஸில் வேறு சீட்டில் உட்கார்ந்தான்.

 கம்பமெட்டில் இறங்கியதும், முகத்தைத் திருப்பிக்கொண்டே: "சும்மா இருந்திருக்கலாம்லம்மா. ஒரு நாள். ஒரே ஒரு நாள் நின்னிருந்தாப் போதும்."

மருந்துப் பாட்டிலை வாழைக்கு ஊற்றினேன். பிறகு வாழைக்கு ஆகுமோ ஆகாதோ என்று இரண்டு குடம் தண்ணீர்.

29-3, புதன்

ச. சாப்பிட வரவில்லை. சுவரைப் பார்த்துப் படுக்கை.

அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் மேல் தப்பு என்றும் சொன்னேன். சண்டை வரும் என்று காத்திருந்தேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே இருந்தார், வாயில் போடவில்லை.

"சரி. சனிக்கிழம ஸ்டோருக்கு வரச் சொல்லு" என்றார்.

"தம்பி நெஞ்சு நெனப்பிருக்குதுங்களா?"

வெற்றிலையைக் கீழே வைத்தார். எழுந்து போய்விட்டார்.

30-3, வியாழன்

முதல் மழை. ஓட்டில் படபடவென்று. எஸ்டேட் முழுக்கச் சந்தோஷச் சத்தம். எங்கள் வீட்டில் மட்டும் மழையைப் பார்க்க யாரும் வாசலுக்கு வரவில்லை.

மேனேஜரிடம் இரண்டு வாரம் கேட்க வேண்டும். ச.விடம் சொன்னேன். "நான் போய்க் கேக்க மாட்டேன். என்னத்தச் சொல்ல? எங்கம்மா பல்லுக்கு விரதம் இருந்தாங்கன்னா?" என்றான். நானே கடுதாசி எழுதுகிறேன் என்றேன்.

"அவருக்குத் தமிழ் படிக்க வராதும்மா. சமையக்கட்டுல யாரையாவது கூப்பிட்டுப் படிக்கச் சொல்லுவாரு. அத்தனை பேரும் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும்."

"உனக்கென்ன. நானில்ல அங்க நிக்கணும்."

 அங்கே நிற்கணும் என்றான். நிற்க முடியாது என்று சொல்லவில்லை.

ஒரு தோசை சாப்பிட்டான்.

31-3, வெள்ளி

மழை விட்டு, சூரியன் வரும் முன் எழுந்தேன். ஸ்நானம், விளக்கு. பஞ்சு இல்லாத விளக்குப் பூசை கை குறைந்த மாதிரி இருந்தது. பழகிக்கொள்ளணும்.

அவர் சட்டை போட்டுக்கொண்டு வாசலில். "எழுதியாச்சா? எஸ்டேட் ஜீப்பு குமுளிக்குப் போவுது."

பேனாவைத் தேடி எடுத்தேன்.

"நான் அவன்கிட்ட ஒண்ணும் பேச மாட்டேன். கொடுத்துட்டு நிப்பேன். அவ்வளவுதான். சீக்கிரம் எழுது, ஜீப்புக்காரன் நிக்க மாட்டான்."

பேசாமல் நிற்கிறவர் இல்லை அவர். இருந்தாலும் சரி என்றேன். உள்ளே படுத்திருந்தவன் புரண்டு படுத்தான். விழித்துத்தான் இருந்தான்.

எழுதியதை இங்கே ஒரு நகல் வைக்கிறேன்:

மேனேஜர் அவர்களுக்கு, சந்திரனின் அம்மா எழுதுவது. பையனின் பல் வெளுத்துவிட்டது. உடைந்த மூலைக்கு வைக்க வேண்டிய ஒட்டு இன்னும் வைக்கவில்லை. வெளுத்த பிறகு பல்லைச் சும்மா விட வேண்டும் என்பது தெரியாமல் நான் மருந்து போட்டதால் இரண்டு வாரம் தள்ளிப்போய்விட்டது. அவன் மேல் குற்றமில்லை. பதினொன்றாம் தேதி டாக்டரம்மா வைக்கிறார். செவ்வாய்க்கிழமையே வைத்து அனுப்பியிருக்கலாம், உங்கள் மேசையில் விழுந்திருக்கும். அதனால் வைக்கவில்லை. அதுவரை அவனை முன் மேசையில் நிறுத்த வேண்டாம். பின்னால் சாவி பார்க்கவோ, சலவைத் துணிக் கணக்கு எழுதவோ, எதற்கானாலும் நாளைக்கே வருவான். கணக்கு சுத்தமாக எழுதுவான், நான் சொல்லிக் கொடுத்தது. சிரிப்பும் நல்ல சிரிப்புதான், ஒரு நாள் பஸ்ஸில் பார்த்தேன். வேறு பையனை எடுத்துவிட்டீர்கள் என்றால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். இதைக் கொண்டு வருகிறவர் அவன் அப்பா. வாசலில் நிற்பார். பதில் சீக்கிரம் வேண்டும்.